உப்பளப் படம்

முதல் வசனத்தை ஜெரோம் சரியாகச் சொல்லிவிட்டான். திரையில் அந்தக் கிழட்டுக் கேப்டன் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், சோபாவில் சாய்ந்த வாக்கிலேயே, “ஏட்டி இர்மா, எறங்கியாச்சு, செருப்பப் போட்டுக்க” என்றான். கேப்டன் ஆங்கிலத்தில் சொன்னது வேறு என்னமோ, செருப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில் அந்த வசனம்தான், மாற்றினால் பாவம். மாசிலாமணிக்கு அப்பாடா என்று இருந்தது. சென்னையிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ரயிலில் பக்கவாட்டு மேல் படுக்கையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்த உடம்பு, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது, வலித்துவிட்டுப் போகட்டும், ஜெரோமுக்கு ஒன்றுமில்லை, ஸ்டெல்லாதான் கிடந்து பதறுகிறாள், கட்டினவள் பதறத்தானே செய்வாள். ஆனால் புதன்கிழமை போனில் அவள் பதறவில்லையே, கணக்கு டீச்சர், ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னாளே. ஐந்து வாரத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் போர்டைப் பார்த்தபடி கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டானாம், பதினெட்டு வருஷமாக நடத்துகிற பாடம். மறுவாரம் ஸ்டாஃப் ரூமுக்கு வழி கேட்டானாம். பிரின்சிபால் நல்ல மனுஷன், லீவு கொடுத்து டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் டாக்டர். அவர் கேட்டிருப்பது ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முந்தியே இவனைத் தெரிந்த ஒருத்தர், அந்த ஜெரோமுக்கும் இந்த ஜெரோமுக்கும் என்ன வித்தியாசம் என்று கைப்பட எழுதிக் கொடுக்கணும். “உங்கள விட்டா யாருண்ணே இருக்கா, எங்கிட்ட நல்லா நடிக்காரு, படம் பாக்கும்போது நடிக்க முடியாதுல்லா, கூட உக்காந்து பாருங்க” என்றாள். வந்து உட்கார்ந்தாகிவிட்டது. வழக்கமாக இந்தப் படத்தை டிசம்பர் லீவில்தான் பார்ப்பார்கள், இந்த வருஷம் ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை காலையில் பையும் கையுமாக வாசலில் வந்து நிற்கிறான், ஏன் வந்தாய் என்று ஜெரோம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் எழுதணுமோ என்று மாசிலாமணி யோசித்தான்.

திரையில் உப்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை, ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி மூன்று பேர் நடந்துபோகிறார்கள், கேப்டன், ரேடியோக்காரி இர்மா, பேர் சொல்லப்படாத இன்னொரு ஆள். ஜங்ஷனில் மூட்டைப்பூச்சிக்குப் பேர்போன ஒரு தியேட்டரில் இந்தப் படம் மூன்றே நாள் ஓடியது, இரண்டாம் நாள் மாட்டினி, ஹாலில் மொத்தம் பதினோரு பேர், அதில் மூன்று பேர் இவர்கள், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், மாசிலாமணி, ஜெரோம், ஷாகுல். ஜெரோம் மட்டும் தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவன். மற்ற இரண்டும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் படத்தில் சண்டை வந்தால் புரியும், பேச்சு வந்தால் பேந்தப் பேந்த விழிக்கணும். முதல் காட்சியில் அந்த வெள்ளையைப் பார்த்ததும் ஜெரோம் சத்தமாகவே சொன்னான், இது எங்க ஊர் உப்பளம்லா. அதிலிருந்து ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் அப்படியே தூத்துக்குடித் தமிழில் போட்டுக்கொண்டே வந்தான், பாதி புரிந்தது, மீதி அவனாக இட்டுக்கட்டினது, இடைவேளைக்குள் மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருத்தராக எழுந்து வந்து இவர்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். டிக்கெட் கிழிக்கிறவர்கூட வந்து நின்று கேட்டார். அதுதான் உப்பளப் படம். அதற்கப்புறம் சிடி வந்தது, டிவிடி வந்தது, ஹார்ட் டிஸ்க் வந்தது, நல்ல பிரிண்ட் கிடைத்தபோதுதான் தியேட்டர்காரன் ஏழு நிமிஷத்தை வெட்டியிருந்தது தெரிந்தது, அந்த ஏழு நிமிஷம் படத்தில் சேருமா சேராதா என்று ஷாகுலும் ஜெரோமும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள், ஷாகுல் கனடா போய்ச் சேர்ந்து தொடர்பே விட்டுப்போன பிறகும் இவர்கள் இரண்டு பேரும் அந்த ஏழு நிமிஷத்தைத் தாண்டித்தான் ஓட்டுவார்கள், ஏனென்றால் அதற்கு ஜெரோமின் தமிழ் கிடையாது. பைத்தியக்காரத்தனம்தான். மாசிலாமணியின் மனைவி அதைப் பல தடவை சொல்லியாகிவிட்டது, நாற்பத்தாறு வயசில் பார்த்த படத்தையே பார்க்கப் போகிறீர்களே வேறு வேலை இல்லையா என்று. மாசிலாமணிக்கு வேறு வேலை நிறைய இருந்தது, எதிலும் ஒட்டுதல்தான் இல்லை.

திரையில் மூன்று பேரும் நிலையத்துக் கதவுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ஐந்து பேர் தங்கியிருந்த நிலையம், ஆறு வருஷமாக அங்கிருந்து தகவல் இல்லை, ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது, தரை துடைத்துக் கிடக்கிறது, சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்திருக்கிறது, உள்ளறையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது, ஆளைத்தான் காணோம். பேசுவது யார் என்பதுதான் படமே. இங்கே கேப்டனுக்கு, வீட்டுல யாரும் இருக்கியளா, உப்பு விக்க வந்திருக்கோம் என்று ஒரு வசனம் உண்டு, பின்வரிசை எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்த வசனம். கேப்டன் வாயைத் திறந்தார், மூடினார். ஜெரோம் சும்மா இருந்தான். கவனிக்கவில்லை போல, காலில் கொசு கடித்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தான், அப்படித்தான் இருக்கும். அடுத்ததைச் சொன்னான், அதற்கடுத்ததையும் சொன்னான், பிறகு இரண்டை விட்டான். மாசிலாமணியின் கட்டைவிரல் விட்டதை எண்ணித் தானாக விரல்கணுக்களில் ஏறிக்கொண்டு போனது. வங்கிச் செயலிகளில் ஓட்டை கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு, பதினாறு வருஷமாக அதே வேலை, எங்கே தப்பும் என்று பார்த்துப் பார்த்துக் கண்ணே அப்படி ஆகிவிட்டது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எந்த இலைக்கு எது வரவில்லை என்றுதான் தெரியும். சீ, என்ன பிழைப்பு இது, நண்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விரலை மடக்குகிறேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அடுத்த வசனம் வருவதற்குள் முதல் எழுத்தை மட்டும் லேசாக எடுத்துக் கொடுத்தான், “ஏட்டி” என்றான், ஜெரோம் டக்கென்று பிடித்துக்கொண்டு “ஏட்டி, தட்டத் தொட்டுப் பாரு, சூடு ஆறல” என்று முடித்தான். அப்போது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி. அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக் கொடுத்தான். சில இடத்தில் ஒரு சொல், சில இடத்தில் பாதி வசனம். செய்வது கள்ளத்தனம் என்று தெரிந்தேதான் செய்தான். சோதனைக்கு வந்தவனே பிட்டு கொடுத்தால் அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுத முடியும் என்றும் தெரிந்துதான் இருந்தது.

அதுவும் இன்றைக்கு ஆரம்பித்த கள்ளத்தனமா என்ன. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஜெரோம் போன் பண்ணுவான், பேச்சு முழுக்கப் படம்தான், எந்தப் படத்தில் விண்கலத்துக்கு எத்தனை சன்னல், எந்த டைரக்டர் எந்தக் காட்சியில் கடிகாரத்தைத் தப்பாக வைத்துவிட்டார், காலேஜ் காலத்திலிருந்தே ஒருத்தனை ஒருத்தன் கேள்வி கேட்டு மடக்குவதுதான் அவர்களுக்குப் பேச்சு. இரண்டு வருஷமாக ஜெரோம் அதிகம் கேட்டான். ஏல மாசி, அந்தக் கடலுக்கடியில வர்ற படத்துல டாக்டரு பேரென்ன. ஏல, நாய் ஒண்ணு ராக்கெட்ல போகுமே, அது கடைசியில திரும்பி வந்துச்சா இல்லியா. மாசிலாமணி ஆபீஸ் கேண்டீனில் நின்றுகொண்டு பெருமையாகப் பதில் சொல்வான், சொல்லிவிட்டு, என்னல, இன்னைக்குக் கேள்வியெல்லாம் ரொம்ப ஈஸியா இருக்கு, வேற கஷ்டமாக் கேளு என்பான். ஜெரோம் சிரிப்பான். எப்படிச் சிரித்தான், இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பு காதில் வேறு மாதிரி கேட்கிறது, ஐயோ, அவன் கேள்வி கேட்டு மடக்கவில்லையே, அவனுக்கு நிஜமாகவே தெரியாமல் போய்க் கேட்டிருக்கிறானே. வேறு எந்த நண்பனாக இருந்தாலும் ஒரே மாதத்தில் சந்தேகப்பட்டிருப்பான், என்னடா இவன் இதெல்லாம் கேட்கிறானே என்று. நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒன்று கேட்டான், ஏல, நம்மகூட மூணாவதா ஒருத்தன் வருவானே, அவன் பேரென்ன. ஷாகுல் இரண்டு பேரையும் மறந்துபோனதற்குக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தான், இருக்கிற கேள்வியிலேயே கஷ்டமான கேள்வி இதான்ல, எனக்கும் மறந்துபோச்சு என்றான். பேரைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி எவ்வளவு நேரம் அந்தப் பேருக்காக ஜெரோம் மண்டையைப் போட்டுக் குடைந்திருப்பானோ.

இர்மா உள்ளறைக் கதவைப் பார்த்து, அந்தக் கதவுக்குப் பின்னால என்று ஆரம்பிக்கிற இடத்தில்தான் தியேட்டர் ஆபரேட்டர் இடைவேளை விட்டார், வாக்கியத்தின் நட்ட நடுவில். அன்றிலிருந்து அதே இடத்தில்தான் நிறுத்துவார்கள், நிறுத்துகிற பட்டன் ஜெரோமின் உரிமை. இன்றைக்கு அவன் கை நகரவில்லை. மாசிலாமணி எட்டி லேப்டாப்பில் நிறுத்தினான், டிவியில் இர்மா வாயைப் பாதி திறந்தபடி நின்றாள். ஜெரோம் முகம் கழுவப் போனான். ஸ்டெல்லா பருப்பு வடையும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள், கேட்கவில்லை, கேட்காமல் நின்றதுதான் தாங்கவில்லை. இன்னும் பாதிப் படம் இருக்கு என்றான் மாசிலாமணி. சரிண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளும் இளைத்துப்போயிருந்தாள், பாவம், தோள்பட்டை எலும்பு தெரிந்தது, எத்தனை நாளாக ஒற்றை ஆளாக இதைச் சுமந்திருக்கிறாள். உள்ளதை எழுதினால்தான் டாக்டர் சரியான வைத்தியத்தைத் தொடங்குவார். உள்ளதை எழுதினால் அந்தக் காகிதம் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நாளைக்கு மெடிக்கல் சர்டிபிகேட் என்று பாலிடெக்னிக் கேட்கும், அப்புறம் இவனை எந்த வகுப்புக்குள்ளும் விடமாட்டார்கள். இப்படியும் யோசித்தான், அப்படியும் யோசித்தான், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி அதே இடத்துக்கு வந்து நின்றான். ஜெரோம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தான்.

“எதையோ எழுதச் சொல்லியிருப்பா. பிரஷர்னு எழுது. ஒண்ணுமில்லன்னு எழுது. எனக்கு வகுப்புக்குப் போணும்ல. வீட்டுக்குள்ளயே கெடந்தா நான் செத்துருவேன்.”

சரில என்று சொல்லிவிட்டான். புதன்கிழமை ஸ்டெல்லாவிடமும் இதே சரியைத்தான் சொல்லியிருந்தான், அப்போது சொன்னதும் பொய்யில்லை, இப்போது சொன்னதும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. எட்டி லேப்டாப்பைத் தட்டிவிட்டான். இரண்டாம் பாதி ஓட ஆரம்பித்தது. இப்போது எடுத்துக் கொடுத்தாலும் ஜெரோம் பிடிக்கவில்லை. மாசிலாமணி பாதி வசனத்தைச் சொல்லி நிறுத்திப் பார்த்தான், முக்கால் வசனத்தைச் சொல்லிப் பார்த்தான், கடைசியில் முழு வசனத்தையும் தானே சொன்னான், கேப்டனுடையதை, இர்மாவுடையதை, பேரில்லாத ஆளுடையதை, எல்லாம் ஜெரோமின் குரலில், ஜெரோம் போலவே இழுத்து இழுத்து. வாய் ஓயவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் வருகிற அமைதியைக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம். இவனுக்கே இந்த மறதி வந்திருக்கிறதே, பெரிய கணக்கெல்லாம் வாயிலேயே போடுகிறவன், படத்துக்குப் படம் தேதியோடு சொல்கிறவன், எனக்கு வர எவ்வளவு நேரமாகும். போன மாதம் ஏடிஎம்மில் நாலு எண்ணைப் போட முடியாமல் நின்றேனே, பின்னால் நின்றவன் தொண்டையைச் செருமினானே, அது வெறும் அசதியா. அசதிதான். மூன்று மாதமாக ராத்திரி பகலாக வேலை, யாருக்குத்தான் மறக்காது. ஜெரோமும் அப்படித்தானே சொல்கிறான், அசதி, பிரஷர். ஏழு நிமிஷம் வெட்டின இடம் வந்தது, தாண்டி ஓட்டணும், ஜெரோம் சொல்வான் என்று காத்திருந்தான், சொல்லவில்லை, அந்த ஏழு நிமிஷமும் அப்படியே ஓடியது. அந்தச் சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாக. ஷாகுலிடம் மூன்று மாதம் பேசாமல் இருந்தானே, அந்தக் கோபமும் போய்விட்டதா, கோபம்கூடவா போய்விடும். மாசிலாமணிக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேலே என்று தெரியாத ஆத்திரம், கொஞ்சம் ஜெரோம் மேலேயும்தான், ஏன்டா முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை, எனக்குப் போன் பண்ணி, ஏல எனக்கு மறக்குதுல என்று ஒரு வரி சொன்னால் என்ன. சொல்லியிருந்தாலும் நான் எந்தப் படத்து வசனம் என்றுதானே கேட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டால் போதும், அப்படியே தூங்கிவிடலாம், அவ்வளவு அசதி. ஆனால் வாய் மட்டும் வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இர்மா இப்போது உள்ளறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். உள்ளே ஐந்து குரல்கள், ஒரு பெண் சிரிக்கிறாள், ஒருவன் ரொட்டி கேட்கிறான், தட்டும் கரண்டியும் சத்தம் போடுகிறது. இங்கே அவளுக்கு ஒரு நீளமான வசனம், ஜெரோம் அன்றைக்குத் தியேட்டரில் குரல் உடைந்துபோய்ச் சொன்ன வசனம், அதைச் சொல்ல மாசிலாமணி மூச்சை இழுத்தான். ஜெரோமின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல அழுத்தமான பிடி.

“செத்த நேரம் சும்மா இருல. நீ பாத்துட்டபோல. முடிவச் சொல்லிராத.”

மாசிலாமணி திரும்பிப் பார்த்தான். கிண்டல் இல்லை. ஜெரோமின் கண் டிவியை விட்டு அசையவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்குமோ என்று நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இந்தப் படத்தைப் பார்த்து அவன் இப்படிப் பயந்து மாசிலாமணி பார்த்ததில்லை, தியேட்டரில்கூட மொழிபெயர்க்கிற அவசரத்தில் அவனுக்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை. வாயை மூடிக்கொண்டான். இர்மா தன் ஆங்கிலத்தில் தானே பேசினாள், அவள் நிஜமாகவே என்னதான் சொல்கிறாள் என்பதை மாசிலாமணி இன்றைக்குத்தான் கேட்டான், சாதாரணமான பேச்சுதான், ஜெரோம் சொன்னது இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. கதவு திறந்தது. மேசையின் தலைமாட்டில் நிலையத்தைப் பழுதுபார்க்கிற ஒரு இயந்திரம், ஒரு கை துருப்பிடித்துத் தொங்குகிறது, மறு கையால் காலி நாற்காலிகளுக்கு முன்னால் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு, செத்துப்போன ஐந்து பேரின் குரலிலும் மாற்றி மாற்றித் தானே பேசுகிறது, தானே கேட்கிறது, தானே சிரிக்கிறது. ஐயோ என்றான் ஜெரோம், மெதுவாக, தனக்குத்தானே. இர்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொட்டி கேட்ட குரல் மறுபடியும் ரொட்டி கேட்டது, அவள் எடுத்துக் கொடுத்தாள். ஜெரோம் அழுதுகொண்டிருந்தான், துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிடித்த கையை விடவில்லை. பெயர்கள் மேலே ஏறி ஏறிப் போய், கடைசிப் பெயரும் போய், திரை கறுத்தது, ஸ்டெல்லா வந்து சமையலறை வாசலில் நிற்பது கறுத்த டிவியில் தெரிந்தது.

ஜெரோம் சட்டைத் தோளால் கண்ணை ஒற்றிக்கொண்டு திரும்பினான். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“ஏம்ல மாசி, இப்பிடி ஒரு படம் இருக்குன்னு இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தப்புதாம்ல” என்றான் மாசிலாமணி. ஸ்டெல்லாவைப் பார்த்து, எழுதுவதற்கு ஒரு பேப்பர் வேண்டும் என்று கேட்டான்.